'ஃப்யூ' வேறு, 'எ ஃப்யூ' வேறு: ஆங்கிலத்தின் இல்லாமையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

#1 தேய்ந்த_பென்சில்

மருத்துவக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வரி: "ஃப்யூ பேஷன்ட்ஸ் ரிப்போர்ட்டட் எனி பெயின்." என்னிடம் சரிபார்க்க வந்த வரைவில் இருப்பது: "சில நோயாளிகள் வலி இருப்பதாகத் தெரிவித்தனர்."

சொல்லுக்குச் சொல் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்பவருக்கு என்ன போய்ச் சேரும்? "சிலருக்கு வலித்திருக்கிறது, எனக்கும் வலிக்கும் போலிருக்கிறது." மூலம் சொல்ல வந்ததோ நேர் எதிர்: பயப்படாதே, பெரும்பாலும் யாருக்கும் வலிக்கவில்லை.

ஆவணம் முழுக்க இதே கதைதான். "லிட்டில் எவிடன்ஸ்" என்பது "கொஞ்சம் ஆதாரம்" ஆகியிருக்கிறது. "நீட் நாட் பி சேஞ்ச்ட்" என்பது "மாற்ற வேண்டாம்" ஆகியிருக்கிறது. "தேர் கான்ட் பி மச் லெஃப்ட்" என்பது "அதிகம் மிச்சம் இருக்க முடியாது" ஆகியிருக்கிறது. அகராதியில் பார்த்தால் ஃப்யூ = சில, லிட்டில் = கொஞ்சம், கேன் = முடியும், நீட் = தேவை. தனித்தனியாக எல்லாம் சரி, கூட்டினால் தப்பு.

இல்லாமை, போதாமை, தேவையின்மை ஆகியவற்றை ஆங்கிலம் எந்தெந்தச் சொற்களுக்குள் ஒளித்துவைக்கிறது, தமிழில் அது எங்கே போய் உட்கார வேண்டும்? வாக்கியத்துக்கு வாக்கியம் ஊகித்துக்கொண்டிருக்காமல் ஏதாவது பிடி கிடைக்குமா?

#2 உம்மைத்தொகை

பிடி இருக்கிறது. 'ஃப்யூ' எண்ணிக்கைச் சொல் மாதிரி வேஷம் போட்ட எதிர்மறைச் சொல். அதை 'நாட் மெனி' என்று பிரித்துப் படியுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 'லிட்டில்' அதே மாதிரி 'நாட் மச்'. முன்னால் 'எ' சேர்ந்தால் எதிர்மறை கழன்றுவிடுகிறது: 'எ ஃப்யூ' = 'சம்', அவ்வளவுதான்.

எதிர்மறை என்று எப்படித் தெரியும் என்றால், வாக்கியமே காட்டிக்கொடுக்கும். உங்கள் வரியிலேயே 'எனி பெயின்' இருக்கிறது பாருங்கள். 'எனி', 'எவர்' போன்றவை சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் இப்படி வந்து உட்காராது. "ஃப்யூ பேஷன்ட்ஸ் ரிப்போர்ட்டட் எனி பெயின்" சரி. "எ ஃப்யூ பேஷன்ட்ஸ் ரிப்போர்ட்டட் எனி பெயின்" என்றால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

இன்னொன்று, வாக்கியத்தின் வாலில் வரும் குட்டிக் கேள்வி. உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை வால், எதிர்மறைக்கு உடன்பாட்டு வால் என்பது ஆங்கில வழக்கம். "எ ஃப்யூ பீப்பிள் கேம், டிடன்ட் தே?" ஆனால் "ஃப்யூ பீப்பிள் கேம், டிட் தே?" வாலைப் பார்த்தே தலை என்னவென்று சொல்லிவிடலாம். மொழியியலாளர் எட்வர்ட் கிளைமா 1964இல் ஆங்கில எதிர்மறை பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இப்படிப்பட்ட சோதனைகளைத்தான் அடுக்கினார். 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'செல்டம்', 'ரேர்லி' எல்லாம் இதே கட்சி. "லிட்டில் டிட் ஐ நோ" என்று துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவுவதும் அதனால்தான். 'நெவர்' வந்தாலும் அப்படித்தானே தாவுகிறது.

#3 சும்மா_எட்டிப்பார்த்தேன்

ஒரு சந்தேகம். எத்தனை பேர் வரை 'ஃப்யூ', எத்தனைக்கு மேல் 'எ ஃப்யூ'? பள்ளிக்கூடத்தில் 'எ ஃப்யூ' என்றால் மூன்று நாலு, 'ஃப்யூ' என்றால் அதற்கும் கம்மி என்று சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம்.

#4 உம்மைத்தொகை

எண்ணிக்கையே இல்லை. நூறு பேரை அழைத்தீர்கள், பத்துப் பேர் வந்தார்கள். கூட்டம் நிரம்பும் என்று எதிர்பார்த்தவர் "ஃப்யூ கேம்" என்பார். யாருமே வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர் "எ ஃப்யூ கேம்" என்பார். அதே பத்துப் பேர்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சோதனை. "ஃப்யூ பீப்பிள் பாட் கார்ஸ்" என்றால், சிவப்புக் கார் வாங்கியவர்களும் 'ஃப்யூ' தான் என்பது தானாக வந்துவிடும். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்கு இறங்கலாம். 'எ ஃப்யூ'வில் எதிர்த்திசை: சிலர் சிவப்புக் கார் வாங்கினார்கள் என்றால் சிலர் கார் வாங்கினார்கள் என்பது உறுதி, ஆனால் சிலர் கார் வாங்கினார்கள் என்பதிலிருந்து சிவப்புக்கு இறங்க முடியாது. இப்படி இறங்க விடும் இடங்களில்தான் 'எனி', 'எவர்' குடியிருக்கின்றன என்று மொழியியலாளர் வில்லியம் லாடுசா 1979இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் வாதிட்டார். பிற்பாடு அதில் நிறையத் திருத்தங்கள் வந்தன. அடிப்படை இன்னும் நிற்கிறது.

#5 பத்தாது

வணக்கம். என் பெயரே இந்த இழைக்குப் பொருத்தம் என்பதால் உள்ளே வந்துவிட்டேன் :)

தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்போம். நாம் இந்த வேலையை எண்ணுப்பெயரில் செய்வதில்லை. 'சில' நடுநிலையான சொல். அதைக் கீழே தள்ள வேண்டுமென்றால் பின்னால் ஒன்றை ஒட்டுகிறோம்: சிலர்தான் வந்தார்கள், சிலரே வந்தனர், சிலர் மட்டும் வந்தார்கள். இல்லாவிட்டால் வினையைக் கவிழ்க்கிறோம்: அதிகம் பேர் வரவில்லை, பத்துப் பேர்கூட வரவில்லை, சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை.

ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் 'எ' சேர்ந்தால் அளவு மேலே ஏறுகிறது. நம்மிடம் 'ஒரு' சேர்ந்தால் கீழே இறங்குகிறது. 'சிலர் வந்தார்கள்' என்பதைவிட 'ஒரு சிலர் வந்தார்கள்' இன்னும் மெலிந்து கேட்கிறது. 'எ ஃப்யூ'வைக் கண்டதும் கை தானாக 'ஒரு சில' என்று எழுதும். பல இடங்களில் அது தள்ள வேண்டாத பக்கம் தள்ளிவிடுகிறது. வெறும் 'சில' போதும்.

'ஹார்ட்லி'க்கு நம்மிடம் அருமையான ஜோடி இருக்கிறது: அவ்வளவாக + எதிர்மறை வினை. "ஐ ஹார்ட்லி நோ ஹிம்": "அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது." 'அரிதாகவே அறிவேன்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

#6 வரிக்குவரி

//அதிகம் பேர் வரவில்லை//

இது 'நாட் மெனி கேம்' என்பதன் மொழிபெயர்ப்பு. ஆசிரியர் 'நாட் மெனி' என்று எழுதவில்லை, 'ஃப்யூ' என்று எழுதினார். மூலத்தில் 'நாட்' இல்லாத இடத்தில் தமிழில் 'இல்லை' போடுவது எனக்கு உடன்பாடில்லை. 'மிகச் சிலரே வந்தனர்' என்று தமிழ் உரைநடையில் காலங்காலமாக எழுதி வருகிறோம். சொல்லும் கெடவில்லை, பொருளும் கெடவில்லை. எல்லாவற்றையும் பேச்சுத்தமிழ் ஆக்கத் துடிப்பது ஏன்?

#7 உம்மைத்தொகை

'மிகச் சிலரே' தப்பென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாக்கியம் வரும்போது பாருங்கள்.

லிண்டா மாக்சி, ஆன்டனி சான்ஃபர்ட் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர், 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அடுத்ததை 'தே' என்று தொடங்கி முடிக்கச் சொல்வது. 'எ ஃப்யூ' இருந்தால் 'தே' என்பது வந்தவர்களைக் குறித்தது. 'ஃப்யூ' இருந்தால் பெரும்பாலும் வராதவர்களைக் குறித்தது! "ஃப்யூ மெம்பர்ஸ் கேம். தே வேர் டூ பிஸி." வேலையாக இருந்தவர்கள் யார்? வராதவர்கள். வாக்கியத்தில் அவர்கள் பெயரே இல்லை, ஆனாலும் வாசகர் மனம் அங்கே போய்விடுகிறது.

இப்போது தமிழில் வைத்துப் பாருங்கள். "மிகச் சில உறுப்பினர்களே வந்தனர். அவர்களுக்கு வேலை இருந்தது." அவர்களுக்கு என்றால் யாருக்கு? வந்தவர்களுக்கு என்றுதான் விழுகிறது, வாக்கியம் அபத்தமாகிவிடுகிறது. "உறுப்பினர்கள் அதிகம் பேர் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது." சிக்கலே இல்லை. மூலத்தில் 'நாட்' கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

#8 வரிக்குவரி

"மிகச் சிலரே வந்தனர். மற்றவர்களுக்கு வேலை இருந்தது." தீர்ந்தது. ஒரு 'மற்ற' போட்டால் போகிற விஷயத்துக்கு வினையையே கவிழ்க்க வேண்டுமா?

#9 பத்தாது

அதைத்தான் மூலத்தில் இல்லாத சொல் என்பார்கள் :)

#10 சும்மா_எட்டிப்பார்த்தேன்

இருவரும் சண்டை போடுங்கள், எனக்கு நல்ல பொழுதுபோக்கு. 'விரல்விட்டு எண்ணிவிடலாம்' என்று சொல்கிறோமே, அது எந்தக் கட்சி? எதிர்மறையும் இல்லை, 'தான்' இல்லை, 'ஏ' இல்லை.

#11 பத்தாது

ஆகா, நல்ல கேள்வி. 'லாம்' என்பது முடியும் என்கிற பொருள். அதை வைத்தே பஞ்சத்தைச் சொல்லிவிடுகிறோம். எண்ண முடிகிறது என்றாலே குறைவு என்று பொருள். மாணவர்கள் 'ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன்' (அங்கொன்றும் இங்கொன்றுமாக, அரிதாக) என்ற தொடரில் திணறும்போது இதைத்தான் கொடுப்பேன்.

#12 தேய்ந்த_பென்சில்

எண்ணுச்சொல் பக்கம் தெளிவாகிறது, நன்றி. 'குவைட் எ ஃப்யூ', 'ஒன்லி எ ஃப்யூ' பற்றியும் யாராவது ஒரு வரி போடுங்கள். எனக்கு இன்னும் பெரிய தலைவலி துணைவினைகள்: நீட், கேன், குட், ஷுட்.

#13 உம்மைத்தொகை

'ஒன்லி எ ஃப்யூ' மறுபடி கீழே இறங்கிவிடும், 'சிலர்தான்'. 'குவைட் எ ஃப்யூ' கணிசமான பேர். 'நாட் எ ஃப்யூ'வும் அப்படியே, கொஞ்சம் பழைய நடை. 'பிரெஷஸ் ஃப்யூ' என்றால் வெகு சொற்பம், அதில் 'விலைமதிப்பற்ற' என்பதைத் தேடி அலைய வேண்டாம். துணைவினைகளுக்கு நடைவண்டி வருவார், அவர் துறை அது.

#14 நடைவண்டி

கூப்பிட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'நீட்'. இதற்கு இரண்டு வாழ்க்கை. 'ஐ நீட் டு கோ' என்பதில் சாதாரண வினை. 'ஐ நீட் நாட் கோ' என்பதில் துணைவினை. இந்த இரண்டாவது வாழ்க்கை எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் உண்டு. 'ஐ நீட் கோ' என்று யாரும் சொல்வதில்லை. உம்மைத்தொகை சொன்ன 'எனி', 'எவர்' கூட்டத்தில் இதையும் சேர்க்கலாம். அதனால்தான் 'ஹார்ட்லி' வந்தாலும் ஒத்துக்கொள்கிறது: "ஐ நீட் ஹார்ட்லி சே." நாட் இல்லை, ஆனாலும் எதிர்மறை.

இனி ஆபத்தான இடம். 'மஸ்ன்ட்' என்றால் செய்யாதிருப்பது கட்டாயம். 'நீடன்ட்' என்றால் கட்டாயம் இல்லை, செய்தாலும் பாதகமில்லை. தமிழில் முதலாவதற்குக் 'கூடாது' பொருத்தம். இரண்டாவதற்கு நம்மவர் 'வேண்டாம்' போடுகிறார்கள். 'வேண்டாம்' இரண்டு வேலையும் பார்க்கும் சொல். "நீ போக வேண்டாம்" என்றால் போகாதே என்று தடையா, போவது கட்டாயமில்லை என்பதா? சொல்பவர் குரலைக் கேட்டால் தெரியும், அச்சில் தெரியாது. பென்சில் காட்டிய "மாற்ற வேண்டாம்" என்ற வரி மருந்தளவைப் பற்றியது என்றால், அது தடையாகவே படிக்கப்படும். "மாற்ற வேண்டியதில்லை" என்று எழுதினால் குழப்பமில்லை. 'தேவையில்லை'யும் சரி.

இறந்தகாலத்தில் இன்னும் நுணுக்கம். "யு நீடன்ட் ஹாவ் கம்" என்றால் வந்துவிட்டீர்கள், வீணாக வந்தீர்கள். "யு டிடன்ட் நீட் டு கம்" என்றால் வந்தீர்களா இல்லையா என்பது திறந்தே இருக்கிறது. தமிழில் "வந்திருக்க வேண்டியதில்லை" முதலாவதற்கும், "வர வேண்டியிருக்கவில்லை" இரண்டாவதற்கும் ஓரளவு பொருந்தும். இரண்டாவது கொஞ்சம் முரடாக ஒலிக்கிறது. "வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை" என்றால் மூச்சு விடுகிறது.

அடுத்தது 'கான்ட்'. "தேர் கான்ட் பி மச் லெஃப்ட்." இங்கே யாருடைய திறமையும் பேசப்படவில்லை, இது ஊகம். உறுதியான ஊகத்துக்கு ஆங்கிலம் உடன்பாட்டில் 'மஸ்ட்' போடும், எதிர்மறையில் பெரும்பாலும் 'கான்ட்'டுக்கு மாறிவிடும். அதைத் தெரியாமல் 'இருக்க முடியாது' என்று மொழிபெயர்த்தால் தமிழ் நொண்டுகிறது. நம்மிடம் இந்த ஊகத்துக்கென்றே எதிர்கால எதிர்மறை இருக்கிறது: "அதிகம் மிச்சம் இருக்காது." ஆட்களுக்கு: "அங்கே பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள்." 'தேறாது' என்ற சொல்லை எழுத்தில் ஏனோ ஒதுக்கிவைத்திருக்கிறோம். "பத்துப் பேர்கூடத் தேறாது" என்பதில் எண்ணிக்கை, போதாமை, ஊகம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் அவர்கள்தான் திணறுவார்கள்.

'மே நாட் பி இனஃப்' வேறு: போதாமல் போகலாம். 'கான்ட் பி இனஃப்': நிச்சயமாகப் போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட மொழிபெயர்ப்புகள் எத்தனையோ.

'ஷுட்': "தேர் ஷுட் ஹாவ் பீன் டென்." பத்து இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. இல்லாமையை எதிர்மறை இல்லாமலே சொல்லும் இன்னொரு வழி. தமிழில் கண்ணி இருக்கிறது. "பத்துப் பேர் இருந்திருக்க வேண்டும்" என்பதை "பத்துப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்" என்றும் படிக்கலாம், அப்போது அது 'மஸ்ட் ஹாவ் பீன்' ஆகிவிடும். "பத்துப் பேர் இருந்திருக்க வேண்டிய இடம்" என்றோ, 'ஆனால் இல்லை' என்று வெளிப்படையாகவோ எழுதிவிடுவது நல்லது.

கடைசியாக எனக்குப் பிடித்தது: 'குட் டூ வித்'. "ஐ குட் டூ வித் சம் ஸ்லீப்." பிரித்துப் பொருள் கொண்டால் ஒன்றும் தேறாது. தூக்கம் போதவில்லை என்பதைப் புகார் போலச் சொல்லாமல், கிடைத்தால் நன்று என்று நாசூக்காகச் சொல்வது. 'குட்' அந்த நாசூக்கைத் தருகிறது. அமெரிக்கர்கள் 'குட் யூஸ்' என்பார்கள். தமிழில் கண்ணை மூடிக்கொண்டு 'தேவலை' போடலாம்: "ஒரு தூக்கம் போட்டால் தேவலை." "இன்னும் நாலு பேர் இருந்தால் தேவலை." ஆனால் 'குட் டூ விதவுட்' வந்தால் அப்படியே திரும்பிவிடும்: அது இல்லாமல் இருந்தால் தேவலை, அந்தத் தொல்லை வேண்டாம்.

#15 தேய்ந்த_பென்சில்

நடைவண்டி, இதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். 'தேவலை' எனக்குத் தோன்றவே தோன்றாது, 'தேவைப்படுகிறது' என்றுதான் எழுதியிருப்பேன்.

#16 பழஞ்சொல்

'வான்ட்' பற்றி யாரும் பேசவில்லையே. அந்தச் சொல் ஸ்காண்டினேவியப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, மூலத்தில் அதற்கு இல்லாமல் இருத்தல் என்றே பொருள். விருப்பம் என்ற பொருள் பிற்பாடு மேலே ஏறிக்கொண்டது. இல்லாதவன் கேட்பான் அல்லவா, அந்த வழியாக. பழைய பொருள் இன்னும் சாகவில்லை: 'ஃபார் வான்ட் ஆஃப் டைம்' (நேரமில்லாததால்), 'வான்ட்ஸ் ஃபார் நத்திங்' (ஒரு குறையுமில்லை), 'ஃபவுண்ட் வான்டிங்' (குறையுள்ளதாகத் தெரியவந்தது).

1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் 23ஆம் சங்கீதம் "ஐ ஷல் நாட் வான்ட்" என்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் பழகியவர் 'நான் எதையும் விரும்பமாட்டேன்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் "நான் தாழ்ச்சியடையேன்" என்று இருப்பதால் நமக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. கூடவே அந்த 'அடையேன்' என்ற வடிவத்தைக் கவனியுங்கள், எதிர்மறையை இவ்வளவு சிக்கனமாக வினைக்குள் அடக்கிவிட முடிகிறது நமக்கு.

#17 சும்மா_எட்டிப்பார்த்தேன்

அப்படியே 'லெஸ்', 'ஃப்யூவர்' சண்டையையும் தீர்த்துவிடுங்கள். எண்ணக்கூடியதற்கு 'லெஸ்' போட்டால் என் மேலாளர் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார்.

#18 பழஞ்சொல்

அந்த விதி பின்னால் வந்தது. எண்ணக்கூடிய பொருள்களோடு 'லெஸ்' வருவது ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு. 'ஃப்யூவர்' நயமாக இருக்கும் என்று ராபர்ட் பேக்கர் என்பவர் 1770இல் எழுதினார், அதுவும் தன் விருப்பமாகத்தான் சொன்னார். அது நாளடைவில் சட்டமாக இறுகிவிட்டது. 'லெஸ் தன் டென் மினிட்ஸ்', 'லெஸ் தன் ஃபைவ் மைல்ஸ்' என்பவற்றில் யாரும் வட்டம் போடுவதில்லை. நேரமும் தூரமும் ஒரே மொத்தமாக மனதில் நிற்கின்றன. மேலாளரிடம் இதைச் சொல்லி வேலையை இழக்காதீர்கள், 'ஃப்யூவர்' என்றே எழுதிவிடுங்கள். தமிழுக்கு இரண்டும் 'குறைவான' தான், ஆகவே நமக்கு இது வெளியூர்ச் சண்டை.

#19 நடைவண்டி

மருத்துவ ஆவணம் என்பதால் ஒரு எச்சரிக்கை. அளவுக்கு மிஞ்சியது என்று பொருள்படும் 'டூ' என்ற சொல்லும் ஒரு எதிர்மறையை ஒளித்துவைக்கும். "டூ டயர்ட் டு வாக்" என்றால் நடக்க முடியாத களைப்பு. அதோடு 'நோ' சேர்ந்து, கடைசி வினையும் எதிர்மறைச் சாயலில் இருந்தால் ஆங்கிலேயர்களே தடுக்கி விழுகிறார்கள். "நோ ஹெட் இன்ஜுரி இஸ் டூ டிரிவியல் டு இக்னோர்" என்ற வாக்கியத்தை வைத்து உளவியலாளர்கள் பீட்டர் வேசன், ஷுலி ரைஷ் இருவரும் 1979இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். எல்லோரும் இதை 'எவ்வளவு சின்னத் தலைக்காயமானாலும் அலட்சியப்படுத்தக் கூடாது' என்று படிக்கிறார்கள். ஆற அமரப் பிரித்தால் அது சொல்வது 'எவ்வளவு சின்னதானாலும் அலட்சியப்படுத்தலாம்'! 'நோ மிசைல் இஸ் டூ ஸ்மால் டு பேன்' என்பதோடு ஒப்பிடுங்கள்: எவ்வளவு சின்ன ஏவுகணையானாலும் தடை செய்யலாம். அதே அமைப்புதானே?

'கேனாட் பி அண்டரெஸ்டிமேட்டட்' என்பதும் இந்த ரகம். முக்கியம் என்று சொல்ல வந்து, பிரித்துப் படித்தால் முக்கியமே இல்லை என்றாகிறது. இந்த இடங்களில் வரிக்குவரி மன்னிக்கவும், வரியை விட்டுவிட்டு எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பதைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

#20 வரிக்குவரி

மன்னித்தேன். ஆனால் எழுதியவரைக் கேட்டுவிட்டு. மருந்துக் குறிப்பில் 'இப்படித்தான் சொல்ல வந்திருப்பார்' என்று ஊகித்து எழுதுவது என் வழக்கமில்லை.

#21 தேய்ந்த_பென்சில்

நான்கு வரிகளை மாற்றியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

அ) ஃப்யூ பேஷன்ட்ஸ் ரிப்போர்ட்டட் எனி பெயின்: "வலி இருந்ததாகச் சொன்ன நோயாளிகள் அதிகம் இல்லை."

ஆ) தேர் இஸ் லிட்டில் எவிடன்ஸ் ஆஃப் ஹார்ம்: "தீங்கு ஏற்படும் என்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் இல்லை."

இ) த டோஸ் நீட் நாட் பி சேஞ்ச்ட்: "மருந்தளவை மாற்ற வேண்டியதில்லை."

ஈ) பேஷன்ட்ஸ் ஹூ கேன் இல் அஃபோர்ட் டு லூஸ் வெயிட்: "எடை குறைந்தால் தாங்காத நோயாளிகள்."

ஈ-யில் 'அஃபோர்ட்'டுக்கு முதலில் 'கட்டுப்படியாகாத' என்று வந்தது, அது பணத்துக்குத்தான் பொருந்தும் என்று விட்டுவிட்டேன்.

#22 வரிக்குவரி

ஆ) ஏற்க முடியாது. 'லிட்டில் எவிடன்ஸ்' வேறு, 'நோ எவிடன்ஸ்' வேறு. ஆய்வு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் அளந்துதான் போடுகிறார்கள். 'சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் இல்லை' என்பதை அவசரமாகப் படிப்பவர் 'ஆதாரம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். "ஆதாரம் மிகக் குறைவு" என்று போடுங்கள். எதிர்மறை வினை இல்லாமலே இறங்கி நிற்கிறது பாருங்கள்.

#23 உம்மைத்தொகை

ஆ-வுக்கு வரிக்குவரி சொல்வதுதான் சரி. 'குறைவு' என்ற சொல்லுக்குள்ளேயே இறக்கம் இருக்கிறது, 'கொஞ்சம்' மாதிரி அது அந்தரத்தில் நிற்பதில்லை. அ) நன்றாக இருக்கிறது, தொடாதீர்கள்.

#24 பத்தாது

அ-வை நான் தொடுவேன். "வலித்ததாகச் சொன்னவர்கள் அதிகம் இல்லை." நோயாளிகள் என்பது முந்தைய வரியிலேயே வந்திருக்குமே.

#25 நடைவண்டி

ஈ-யில் 'மேலும்' சேருங்கள்: "எடை மேலும் குறைந்தால் தாங்காத நோயாளிகள்." ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் என்பது மூலத்தில் 'இல் அஃபோர்ட்' என்பதற்குள் அடங்கியிருக்கிறது. தமிழில் அது எங்கும் வரவில்லை.

#26 தேய்ந்த_பென்சில்

ஆ, ஈ இரண்டையும் மாற்றிவிட்டேன். அ-வில் 'நோயாளிகள்' இருக்கட்டும், முந்தைய வரியில் செவிலியர்கள் வருகிறார்கள், குழம்பும். அடுத்த பக்கத்தில் 'பேர்லி'யும் 'ஆல்மோஸ்ட்'டும் ஒரே பத்தியில் வருகின்றன. 'பேர்லி டிடெக்டபிள்' என்பதைக் 'கிட்டத்தட்டக் கண்டறிய முடியாத' என்று எழுதியிருக்கிறார்கள்.

#27 உம்மைத்தொகை

'பேர்லி' என்றால் கோட்டைத் தாண்டிவிட்டது, மயிரிழையில். 'பேர்லி பாஸ்ட்' என்றால் தேறிவிட்டான். 'ஆல்மோஸ்ட் பாஸ்ட்' என்றால் தேறவில்லை. ஆகவே கண்டறிய முடிகிறது, சிரமப்பட்டு: "மிகவும் முயன்றால்தான் கண்டறிய முடியும்" அல்லது "கண்டறியும் அளவை ஒட்டி நிற்கிறது." பத்தியை முழுசாகப் போடுங்கள், எது பொருந்தும் என்று பார்க்கலாம்.